வெறும் லிங்க்கை யாரும் திறப்பதில்லை

எங்கள் வாட்ஸப் குழுவில் நாற்பது சொச்சம் பேர் இருக்கிறோம். பாதிப் பேர் கடலூர், மீதி புதுச்சேரி, ரெண்டு மூன்று பேர் இங்கிருந்து போய் பாரிஸ் பக்கம் தங்கிவிட்டவர்கள். கேட்ட பாட்டைப் போடலாம், எந்த தேசத்துப் பாட்டாக இருந்தாலும் சரி, ஆனால் குட் மார்னிங் படம் போடக் கூடாது என்பது மட்டும்தான் விதி. போன வருஷம் ஒருவர் ஒரு லிங்க் போட்டார், கூடவே மூன்று தீ எமோஜி, வேறு ஒன்றும் இல்லை. நான் அப்போது கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன், அந்த அப்புறம் வரவே இல்லை. மற்றவர்களும் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ரெண்டு வாரம் கழித்து அதே லிங்க் மறுபடி வந்தது. இந்தத் தடவை போட்டவர் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர், சொல்தா வீட்டுப் பிள்ளை (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை அங்கே சொல்தா என்பார்கள்), பிரான்சில் உறவுக்காரர்கள் நிறைய. அவர் எழுதியது இவ்வளவுதான்: "ரீயூனியன் தீவுப் பாட்டு. போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, ஹெட்போன் போடுங்க. முதல் ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க, அப்புறம் வர்ற அடிய கேட்டா எனக்கு எங்க தெரு தீமிதி ஞாபகம் வந்துச்சு." அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை குழு அடங்கவில்லை. பாட்டு அதேதான், லிங்க் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். அந்த மூன்று வரி என்ன செய்தது என்று எனக்குள் ஒரு குடைச்சல். அதைத் துருவிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அது மலோயா என்ற வகை. இந்தியப் பெருங்கடலில் மொரீஷியசுக்குப் பக்கத்தில் இருக்கிற ரீயூனியன் தீவில், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த மடகாஸ்கர், ஆப்பிரிக்க அடிமைகளிடம் பிறந்தது. ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, அடி மூன்று மூன்றாகப் போகும், நம் கணக்கில் திஸ்ர நடை என்று வைத்துக்கொள்ளலாம். ரூலே என்று ஒரு பெரிய பீப்பாய் முரசு, அதன் மேலேயே உட்கார்ந்து கையால் அடிப்பார்கள். கயாம்ப் என்று இன்னொன்று, கரும்புப் பூத்தண்டுகளைத் தட்டையாக வரிசை கட்டி உள்ளே விதைகளைப் போட்டு ரெண்டு கையாலும் ஆட்டுவது, முறத்தில் நெல் புடைக்கிற சத்தம் மாதிரி இருக்கும். இந்த இசையை ரொம்ப காலம் கௌரவமான ஆட்கள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை, அதிகாரத்தில் இருந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. 1976-ல் அந்தத் தீவின் கம்யூனிஸ்ட் கட்சிதான் மலோயாவை இசைத்தட்டாக வெளியிட்டது. 2009-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு அதில் பெரிய பெயர் என்றால் 1955-ல் பிறந்த தானியல் வாரோ.

சரி, இதில் தீமிதி எங்கே வந்தது? பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டுமே. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். ரீயூனியனுக்கு மட்டுமல்ல, அட்லாண்டிக்கைத் தாண்டியும்தான். 1853-ல் மார்த்தினிக் தீவுக்கும் அடுத்த வருஷம் குவாதலூப்புக்கும் முதல் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது ஒரேலி என்ற ஒரே கப்பல். ரீயூனியனில் இவர்களின் வம்சத்துக்கு மல்பார் என்று பெயர். கேரளத்து மலபார் இல்லை, அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களையும் மலபார் என்றுதான் அழைத்தார்கள். அங்கே இன்றைக்கும் தீமிதி நடக்கிறது. அந்தத் திருவிழாவுக்கே பந்தியாலே என்று பேர், நம் பாஞ்சாலிதான். தெருக்கூத்தின் ஒரு வடிவமும் அங்கே பால் தமூல் என்ற பெயரில் இருக்கிறது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த காதுக்கு அந்தத் தீவின் கோயில் மேளம் சட்டென்று ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒன்று. மலோயா நம்முடையது என்று குழுவில் ஒருவர் ஆரம்பித்தார், அதைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டியிருந்தது. மல்பார் மேளம் அந்தத் தீவின் காற்றில் கலந்திருக்கிறது, மலோயா பாடுகிறவர்களின் காதிலும் விழுந்திருக்கிறது, உண்மைதான். வேர் அடிமைகளுடையது. அவர்கள் பட்டதை நாம் பங்கு கேட்கக் கூடாது.

இப்போது அந்த மூன்று வரிக்கு வருகிறேன். இது புதுசு இல்லை என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இலங்கை வானொலிப் பைத்தியம். கடலூர் முதுநகரில் சாயங்காலம் ஆனால் தெருவே கொழும்புக்குத் திரும்பிவிடும் என்பார். சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு துல்லியமாகக் கேட்டது என்று நம் கரையோரத்து ஆட்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. மீடியம் வேவ் அலை தரையை ஒட்டிப் போகும்போது மண் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல் மேல் அதே அலை ரொம்ப தூரம் போகும். ராத்திரியானால் வானத்தில் அலையைத் தின்கிற கீழ் அடுக்கு கலைந்துவிட, மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி வருவதும் சேர்ந்துகொள்ளும். ஆக நம் ஊர் அமைந்த இடமே அந்த நிலையத்துக்குத் தோதாக இருந்தது.

அதில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் மாதிரி அறிவிப்பாளர்கள் பாட்டைச் சும்மா போட்டுவிட மாட்டார்கள். படம், பாடியவர், எழுதியவர், இசை, அப்புறம் விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர், ஊர். இந்த ஊர்ப் பட்டியலுக்காகவே ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு. அப்பாவின் போஸ்ட் கார்டு ஒரே ஒரு தடவை வாசிக்கப்பட்டது. என்ன பாட்டு என்று கேட்டால் யோசிப்பார், அதே பாட்டைக் கேட்டு எழுதிய இன்னொருவர் யாழ்ப்பாணம் பக்கத்து ஊர்க்காரர் என்பது மட்டும் மறக்கவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் ஒருவன் நான் கேட்டதையே கேட்கிறான், அது தெரிந்தால் பாட்டுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. இலங்கையின் பொப் இசை, பைலா என்கிற ஆட்டப் பாட்டு எல்லாம் அப்படித்தான் நம் கரைக்கு வந்தன. பைலாவின் அடி போர்த்துக்கீசியர் காலத்தில் இலங்கைக்கு வந்த ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்தது என்பதை யோசித்தால், மலோயா கேட்டு நாங்கள் ஆச்சரியப்பட்டதே கொஞ்சம் லேட்.

அடுத்தது கேசட் பதிவுக் கடை. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பட்டியல் எழுதிக் கொடுத்து ஒரு காலி கேசட்டையும் கொடுத்தால் ரெண்டு நாளில் பதிவு செய்து வைப்பார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஆறு போட்டால் மூன்று நிமிஷம் மீதி. அந்த மீதியில் என்ன போடுவது என்பது கடைக்காரர் விருப்பம். மஞ்சக்குப்பத்தில் நான் போன கடைக்காரர் ஒரு தடவை பக்கத்தின் கடைசியில் ஏதோ அரபிப் பாட்டின் பாதியைப் போட்டிருந்தார். டேப் தீர்ந்து பாதியில் அறுந்துவிடும். போய்க் கேட்டால், "உனக்குப் பிடிக்கும்னு தோணுச்சு தம்பி, முழுசா வேணும்னா இன்னொரு கேசட் வாங்கிட்டு வா" என்றார். வியாபாரம்தான். ஆனாலும் என் பட்டியலைப் படித்துப் பார்த்து என் காதை எடை போட்டு அந்த மூன்று நிமிஷத்தை நிரப்பியவர் ஒரு மனிதர்.

இப்போது அந்த மீதி மூன்று நிமிஷத்தை நிரப்புவது பாட்டு ஆப்களுக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர். அதைத் திட்டுவது சுலபம், திட்டுவதற்கு முன்னால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஒரு பெரிய அட்டவணை, இந்தப் பக்கம் கேட்கிறவர்கள், அந்தப் பக்கம் பாட்டுகள், கேட்டதற்கெல்லாம் ஒரு புள்ளி. உங்கள் புள்ளிகளும் இன்னொருவர் புள்ளிகளும் நிறைய ஒத்துப்போனால், அவர் கேட்டு நீங்கள் கேட்காததை எடுத்து நீட்டும். இதன் மேல் இன்னும் எத்தனையோ வித்தை சேர்த்திருக்கிறார்கள், அடிப்படை இதுதான். கூட்டம் நடந்த பாதையில் அடுத்த ஆளையும் நடத்தும். ஏற்கெனவே நிறையப் பேர் கேட்டதற்கு இது பிரமாதம். யாருமே கேட்காத பாட்டுக்குப் புள்ளியே கிடையாது, புள்ளி இல்லாததால் யாருக்கும் போகாது, போகாததால் புள்ளி விழாது. தீமிதியையும் ரீயூனியனையும் சேர்த்துக் கேட்ட கூட்டம் என்று ஒன்று எங்கேயும் இல்லையே, பிறகு எப்படி அது அந்தப் பாட்டை முத்தியால்பேட்டைக்குக் கொண்டுவரும்?

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் பாட்டெல்லாம் படத்தின் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. படம் இல்லாத பாட்டு அநாதை. கூத்து, பம்பை, கோயில் மேளம், ஓதுவார் பாடுவது எல்லாம் ஏதோ பக்தித் தொகுப்பு நம்பர் மூன்று என்று கிடக்கும். நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரம், நாதஸ்வரம், நாயனம் என்று நாமே மூன்று பேர் வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் எழுத நாலு விதம் இருக்கிறது. வாசித்தவர் பெயரே சில நேரம் கிடைக்காது. கூட உட்கார்ந்து தவில் அடித்தவர் பெயர் அனேகமாக எப்போதும் கிடைக்காது. இதுதான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வரும் இடம். தவில் இல்லாமல் ஒரு மேளத்தை யாராவது கேட்டிருக்கிறீர்களா?

ஸ்பாட்டிஃபை ஆப்பில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் புதுப் பாட்டுகள் எல்லாம் முதல் அரை நிமிஷத்திலேயே கையைப் பிடித்து இழுக்கின்றன. நாகஸ்வரக்காரர் அந்த 30 நொடியில் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை, நனைத்து சட்ஜத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பழைய 78 சுற்று இசைத்தட்டிலும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம் என்பது வாஸ்தவம். ராத்திரி முழுக்க தோடி வாசிக்கக்கூடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அந்தச் சின்ன இடத்துக்குள் அதை மடக்கித் தர, அந்த இசைத்தட்டு ஊர் ஊராகப் பரவியது. ஆனால் அந்தத் தட்டு பரவியது ஒரு வீட்டில் போட்டால் பத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து, இதுதான் இடம், இங்கே கேள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதால்.

அதைத்தான் முத்தியால்பேட்டைக்காரர் செய்தார். எதில் கேட்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், எதோடு ஒப்பிட வேண்டும் என்று மூன்றே விஷயம். ஹெட்போன் சொன்னதுகூட முக்கியம். போனின் ஸ்பீக்கர் அரை விரல் அகலம், கீழ்ஸ்தாயி ஒலிக்குத் தேவையான காற்றைத் தள்ள அதனால் முடியாது. ரூலே முரசின் வயிற்றுச் சத்தமும் தவிலின் தொப்பி என்கிற கனத்த பக்கத்துச் சத்தமும் அதில் வரவே வராது. தாளத்தின் பாதியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டு, என்னய்யா இது மொட்டையாக இருக்கிறது என்று மூடிவிட்டுப் போயிருப்போம்.

எத்தியோப்பியாவில் நடந்ததும் இதே கதைதான், பெரிய அளவில். 1960, 70-களில் அடிஸ் அபாபாவில் பதிவான இசைத்தட்டுகள் அந்த நாட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. பிரான்சிஸ் ஃபல்செத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைத் தேடி எடுத்து 1997-லிருந்து வரிசையாக வெளியிட ஆரம்பித்தார். ஒவ்வொரு டிஸ்க்குடனும் யார், எங்கே, எந்தச் சூழலில் என்று சொல்கிற குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கும். எத்தியோப்பிய ஜாஸ் இசைக்கலைஞர் முலாட்டு அஸ்தாத்கேயின் பெயர் உலகமெல்லாம் தெரிய அந்த வரிசை பெரிய காரணம். இசை முப்பது வருஷமாக இருந்த இடத்தில்தான் இருந்தது.

அந்த எத்தியோப்பியப் பாட்டு ஒன்றை நான் குழுவில் போட்டபோதுதான் பெரிய சண்டை வந்தது. திஸிதா என்று அவர்களிடம் ஒரு வகை, அதன் ஒரு வடிவத்தில் வரும் ஐந்து ஸ்வரமும் நம் மோகன ராகத்தின் ச ரி க ப த. "மோகனம் மாதிரி இருக்கு, கேளுங்க" என்று எழுதினேன். திருப்பாதிரிப்புலியூர்க்காரர் ஒருவர், கோயிலில் தேவாரம் பாடுகிறவர், "மாதிரி என்ன மாதிரி, நம்மகிட்டேர்ந்து போனதுதான்" என்றார். இன்னொருவர் சீனாக்காரனிடமும் இதுவே இருக்கிறதே, ஸ்காட்லாந்துக்காரனிடமும் இருக்கிறதே என்றார். இதற்குப் பதில் நம் சுருதிக்குள்ளேயே இருக்கிறது. சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போங்கள். அந்தப் பஞ்சமத்தைச் சட்ஜமாக வைத்து அதன் பஞ்சமத்தைப் பிடித்தால் ரிஷபம் வரும். ரிஷபத்தின் பஞ்சமம் தைவதம், தைவதத்தின் பஞ்சமம் காந்தாரம். ச, ப, ரி, த, க, அடுக்கி வைத்தால் மோகனம். மனிதக் காதுக்கு ரொம்ப இதமான இடைவெளியை நாலு தடவை தாண்டினால் எவனும் இங்கேதான் வந்து நிற்பான், அதற்கு யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. ஸ்வரம் ஒன்றாக இருந்தாலும் அவர்கள் கமகம் வேறு, ஏக்கம் வேறு. மோகனம் என்று நான் எழுதியது கதவைத் திறக்கிற சாவிதான், உள்ளே போன பிறகு சாவியையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

தேவாரக்காரருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை என்றாலும் அவர்தான் மறுநாள் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த நல்ல உதாரணத்தைக் கொடுத்தார். சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். செல்லரித்தது போக மிச்சம் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் பேசுவதில்லை. பாட்டு கிடைத்துவிட்டது, எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அந்த ஊர் இன்றைக்கு ராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலம் பக்கம், நம் கடலூர் மாவட்டம்தான். ராஜாவே தேடி எடுத்தாலும் அந்த அம்மாள் வாயைத் திறக்கும் வரை அது வெறும் ஓலை. "அப்பவே வெறும் லிங்க் வேலைக்கு ஆவலைன்னு தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று வாய்ஸ் நோட் போட்டுவிட்டுச் சிரித்தார்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் குழுவில் சிலர் முழுப் பாட்டுக் கோப்பையே தூக்கி அனுப்புகிறார்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு, பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை அவர் இறந்து 60 ஆண்டுகள் வரை. ஆகவே பதிவு பழசாகிவிட்டாலும் பாட்டு பழசாகியிருக்காது. உயிரோடு இருக்கிற சின்னக் கலைஞர்களின் பாட்டு என்றால் லிங்க் அனுப்புவதுதான் மரியாதை, அவர்களுக்குப் போகிற சில்லறையையாவது தடுக்காமல் இருக்கலாம்.

அந்த மலோயா விவகாரம் முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாக்களில் பறை அடிக்கிற ஒரு பெரியவர், குழுவில் இல்லை, அவர் பேரன் இருக்கிறான். அவன் அந்தப் பாட்டையும், கூடவே முத்தியால்பேட்டைக்காரர் அனுப்பிய ரீயூனியன் கோயில் மேளம் ஒன்றையும் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். அவர் கேட்டுவிட்டு, மொழி என்ன, ஊர் எது என்றெல்லாம் கேட்கவில்லை. "தோலை எதுலடா காய்ச்சுறானுவ?" என்றாராம். பேரன் அதை அப்படியே குழுவில் போட்டான். பாரிஸ் பக்கத்து ஆள் ஒருவர் நாலைந்து நாள் விசாரித்து அந்தத் தீவிலிருந்து ஒரு சின்ன வீடியோவைத் தேடிப் பிடித்து அனுப்பினார். கோயில் வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, மல்பார் ஆட்கள் நாலு பேர் மேளத்தைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பி விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள்.

பெரியவர் சத்தத்தை வைக்காமலே ரெண்டு தடவை பார்த்தாராம். "காய்ச்சுறது சரிதான். இன்னும் கொஞ்சம் காயணும், அவசரப்படுறானுவ" என்று பேரனிடம் சொல்லியிருக்கிறார். அதையும் பிரெஞ்சில் எழுதி அந்தத் தீவுக்கு அனுப்பி வைத்திருக்கிறோம்.